மீட்டரக்காவும் கருப்புப் பட்டையும்

சாப்பாட்டு மணி அடித்ததும் செக்கிங் மேசையில் மற்ற பெண்கள் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். மருதாள் முதலில் கரண்ட் அளக்கும் மீட்டரைத் திறப்பாள். மஞ்சள் நிறம், உள்ளங்கை அகலம், உடைந்த மூலையில் டேப் சுற்றியிருக்கும். தயிர்ச்சோற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, யாராவது கொண்டுவந்த மிக்ஸியையோ இஸ்திரிப் பெட்டியையோ மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை ஓரிடத்திலும் கருப்பு முனையை ஓரிடத்திலும் தொடுவாள். எண் ஓடி நிற்கும். "காயில் நல்லாத்தான் இருக்குது. பிளக்குக்குள்ள ஒயர் அந்துருக்குது" என்று சொன்ன பிறகுதான் முதல் கவளம். மீட்டரக்கா என்ற பெயர் அப்படி விழுந்தது.

இது 2006. பல்லடம் சாலையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் நான் நிட்டிங் மெஷின் பிட்டர். முதலாளி ஆத்தப்பன். மருதாளுக்கு அப்போது முப்பத்தாறு வயது; செக்கிங்கில் பதினோரு வருடம். பிறந்தது குன்னத்தூர்ப் பக்கம். அவள் அப்பாவின் கிணற்று மோட்டார் கோடை தவறாமல் புகைந்து போகும். மோட்டாரைச் சுமந்துகொண்டு காயில் கட்டும் கடைக்குப் போகும் அப்பாவுடன் இவளும் போவாள். கடைக்காரர் சுற்றுகளை எண்ணும்போது இவளும் மனதுக்குள் எண்ணுவாள். ஒருநாள் அவர் ஒரு சுற்று விட்டுவிட்டார் என்று இவள் சொல்ல, அவர் நம்பாமல் பிரித்து எண்ணிப் பார்த்தார். விட்டுத்தான் இருந்தார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. பத்தாவதோடு படிப்பு நின்றது, கிறுக்கு நிற்கவில்லை. பழைய புத்தகக் கடையில் ஐ.டி.ஐ. புத்தகம், பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் என்று வாங்கி, புரியாத பக்கத்தை மடித்து வைத்து, புரிந்ததும் மடிப்பை நீவிவிடுவாள்.

செக்கிங் மேசை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. ஒரு பீஸை ஒரு முறை பார்ப்பது பார்க்காததற்குச் சமம். முன்பக்கம் பார்க்க வேண்டும், பின்பக்கம் பார்க்க வேண்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பழுது இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். சந்தேகம் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, மறுபடி பார்க்க வேண்டும். மின்சாரத்தையும் அவள் இப்படியே பார்த்தாள்.

அந்த வருடம் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒயர்மேன் திரும்பி வரவில்லை. அங்கேயே கடை போட்டுவிட்டார். இடம் காலி. மருதாள் நேராக மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் குமாரவேலிடம் போய்க் கேட்டாள். குமாரவேல் டிப்ளமோ படித்தவன், இருபத்தொன்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மெயின் சுவிட்சுகள் இருக்கும் பேனல் ரூமின் சாவி அவன் இடுப்பு வளையத்தில் தொங்கும்.

"லேடீஸ் பேனல் ரூம்ல நிக்கறதுங்க்கா, கொஞ்சம் யோசிக்கோணுமுங்க" என்றான்.

"யோசிங்க சார். எத்தன நாளு?"

"பாக்கலாமுங்க்கா."

கொங்கு நாட்டில் 'பாக்கலாமுங்க' என்றால் என்ன பொருள் என்று மருதாளுக்குத் தெரியும். போய் மேசையில் உட்கார்ந்து பீஸைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பனியன் வந்தது. வெளிநாட்டுக் குளிருக்கு, முதுகில் ஒரு பட்டை, பேட்டரியில் சூடாக வேண்டும், கம்பி உறுத்தக் கூடாது, துணி துணியாகவே இருக்க வேண்டும். ஒரு ஏஜென்ட் கேட்டார்; ஆத்தப்பன் "அடுத்த வெள்ளி சாம்பிள் ரெடி" என்று சொல்லிவிட்டார். திருப்பூரில் சாம்பிள் முடியாது என்று சொன்ன முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் அது என்னவென்று கேட்பார்கள்.

"ராஜபாண்டி, துணியில கரண்ட் ஓடுமா?" என்று கேட்டார்.

ராஜபாண்டி பிரிண்டிங் மாஸ்டர். அருப்புக்கோட்டைக்காரர். "ஓட வச்சிருவோம்ணே. கருப்பு மைங்கிறது என்ன? கரித்தூளு. கரியில கரண்ட் ஓடும்ல, டார்ச் பேட்டரிக்குள்ள கரிக்குச்சிதானே இருக்கு" என்றார். பசையைக் குறைத்து, கரியைக் கூட்டி, ஸ்கிரீனில் எட்டு முறை மை இழுத்து, கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு அகலத்துக்கு ஒரு கருப்புப் பட்டை அடித்தார். இரண்டு ஓரத்திலும் மெல்லிய செம்புக் கம்பியை வைத்து மெஷினில் தைத்தார்கள். பைக் பேட்டரியில் இணைத்ததும் பட்டை வெதுவெதுத்தது. ராஜபாண்டி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, பார்த்தவர்கள் கன்னத்திலெல்லாம் ஒற்றிவிட்டு, மத்தியானம் வரை தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

மீதி இருந்தது ஒரே கேள்வி. சூடு ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும்?

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றான் குமாரவேல். "சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும். ரெசிஸ்டன்ஸ் ஏறுனா கரண்ட் கொறையும். அதுவே தன்னைக் கட்டுப்படுத்திக்கும். நூறு வாட்ஸ் பல்பை அளந்து பாருங்க, அணைஞ்சிருக்கும்போது நாப்பது ஓம், எரியும்போது ஐந்நூறு. சூடு மீறுனா அணைக்கற கட் ஆஃப் சுவிட்ச் எதுக்குங்க? வெட்டிச் செலவு."

பீஸ் கொடுக்க வந்த மருதாள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"பல்புக்குள்ள இருக்கறது உலோகமுங்க சார். இது கரித்தூளு. இது சூடானா எறங்கும்னு நெனைக்கிறேன். எறங்குனா கரண்ட் கூடும், கூடுனா இன்னுஞ் சூடாகும், இன்னும் எறங்கும். போட்டிருக்கற மனுசன் முதுகு என்னாகறது?"

"நெனைக்கிறீங்களா, தெரியுமாங்க்கா?"

இந்தக் கேள்விதான் அவளைக் கிளப்பிவிட்டது. நினைக்கிறாள், தெரியாது. அதை ஒப்புக்கொண்டு, பட்டையில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஐந்து நாளும் செக்கிங் மேசைக்குக் காய்ச்சல் வந்தது போலிருந்தது. காலை எட்டு மணிக்கு நிழலில் ஒரு அளவு. மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டை மாடி வெயிலில் ஒரு அளவு. ரிஜெக்‌ஷன் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். காலை 22.4 ஓம், மத்தியானம் 20.1. காலை 22.6, மத்தியானம் 20.3. மேகம் மூடிய நாளில் மத்தியானமும் 21.9 தான்; சூடு இல்லை, இறக்கமும் அவ்வளவாக இல்லை. அதைக் கண்டதும் அவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தாள். வெயில் இல்லாத அளவு அவளுக்கு வெயில் அளவைவிடப் பெரிய பரிசு.

சாயங்காலம் கம்பெனி வேனில் இதே பேச்சு. வேன் ஓட்டுவது அவள் வீட்டுக்காரர் வெள்ளையன். பதினாறு பேர் வண்டியில் இருபத்தெட்டுப் பேர். பக்கத்தில் ஆண்டிபட்டிப் பெண் நாகஜோதி, எதிரே ராமாயி. இருவரும் செக்கிங்தான்.

"செம்புல ரோடு நேரா கெடக்குதுடி. அணுவெல்லாம் வரிசையா நிக்குது, எலக்ட்ரான் சும்மா வழுக்கிட்டுப் போகும். சூடு ஏறுனா அந்த வரிசை ஆட ஆரம்பிக்கும், போறது முட்டி மோதும். அதான் தடை கூடுது. கரித்தூள்ல ரோடே இல்ல. தூளு ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க, தாறுமாறாக் கெடக்குது. எலக்ட்ரான் குழிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி. இந்தக் குழியிலிருந்து அந்தக் குழிக்குத் தாண்டோணும். தாண்டறதுக்குத் தெம்பு வேணும். சூடுதான் தெம்பு."

"பக்கத்துக் குழிதானேக்கா, ஒரு எட்டு வச்சா ஆச்சு" என்றாள் நாகஜோதி.

"குழி காலியா இருக்கோணுமே. அங்க ஏற்கெனவே ஒண்ணு உக்காந்திருந்தா இதை வரவிடாது, தள்ளும். ரெண்டுக்கும் ஒரே குணம், அதனாலயே ஆகாது."

"நானும் எங்க நாத்தனாரும்" என்றாள் ராமாயி.

"அதேதான். ஒரு ஊட்டுக்குள்ள இருக்கோணும்னா கூடுதலாத் தெம்பு செலவாகும்."

வேன் முழுக்கச் சிரிப்பு. வெள்ளையன் முன்னாலிருந்து, "சித்த தள்ளி உக்காருங்க, காங்கயம் ரோட்டுல இன்னும் ரெண்டு பேரு ஏறோணும்" என்றார்.

"ஏனுங்க, நாங்க எலக்ட்ரானுங்க. எங்களுக்குள்ள ஆகாது" என்று நாகஜோதி கொங்குப் பேச்சில் பதில் சொல்ல, அந்த இரண்டு பேர் ஏறும்போது வேனுக்குள் அத்தனை பேரும் முழங்கையால் தள்ளித் தள்ளி, பிறகு இடித்துப் பிடித்து இடம் விட்டார்கள். புதிதாக ஏறியவர்களுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று விளங்கவில்லை.

அந்தத் தள்ளலையும் மருதாள் அளக்கப் பார்த்தாள். பட்டையில் கரி குறைவாக விழுந்த ஒரு ஓரத் துண்டை எடுத்து, ஒரு பென்சில் பேட்டரியில் ஒரு அளவு, நான்கு பேட்டரியில் ஒரு அளவு. செம்பாக இருந்தால் நான்கு பங்கு கரண்ட் ஓட வேண்டும். இதில் நான்கரைக்கு மேல் ஓடியது. பின்னாலிருந்து தள்ளும் கை பலமானால், இடம் விடாததும் இடம் விடுகிறது. ஆனால் நான்கு பேட்டரியில் துண்டு சூடாகி, அதனாலும் கூடியிருக்கலாம் அல்லவா? அதனால் தொட்டதும் எடுத்த எண்ணை மட்டும் எழுதினாள். அப்படியும் அந்த வரியின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை அந்தத் தாளைக் குமாரவேலிடம் கொடுத்தாள். அவன் நின்றபடியே மேலிருந்து கீழாகப் படித்தான். பிறகு உட்கார்ந்து படித்தான்.

"வெயில்ல காயப்போட்டா துணியில இருக்கற ஈரம் போகுமுங்க. ஈரம் போனதால எறங்கியிருக்கலாம். என்ற கண்ணு முன்னால, மொதலாளி முன்னால, நாளைக்குக் காட்டுங்க. சூட்டுக்கு எறங்குதுன்னு காட்டிட்டீங்கன்னா பேனல் ரூம் சாவி உங்களுது, திங்கட்கிழமையிலிருந்து நீங்க ஒயர்மேன். காட்ட முடியலீன்னா, இனி இந்தக் கம்பெனியில மீட்டர் வெளியில வரக்கூடாது. மிக்ஸி ரிப்பேரும் வேண்டாம். சரிங்களா?"

"சரிங்க சார்" என்றாள். பதினோரு வருடமாக மடியில் இருந்த மீட்டர்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி டீ நேரம். கட்டிங் மேசையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். ஆத்தப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டெய்லர்கள், அயர்னிங் ஆட்கள், செக்கிங் பெண்கள், மாடிப்படியில் நிட்டிங்காரர்கள் என்று கூட்டம். ஏஜென்டுக்குப் போக வேண்டிய முழுப் பட்டையை ராஜபாண்டி இரண்டு கையிலும் ஏந்தி, நிச்சயதார்த்தத் தட்டு கொண்டுவருவது போல் கொண்டுவந்தார்.

மருதாள் இரண்டு ஓரக் கம்பியிலும் கிளிப்பை மாட்டினாள். மீட்டரின் குமிழைத் திருப்பினாள். திரையின் இடது கோடியில் ஒரே ஒரு 1. இந்த மீட்டரில் அதற்கு அளவுக்குள் அடங்கவில்லை என்று பொருள். கரண்ட் போக வழியே இல்லை. கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். அதே 1. இதே பட்டையில் வெட்டிய துண்டு நேற்றுவரை இருபத்திரண்டு ஓம் காட்டியது.

கூட்டத்தில் யாரோ, "கரண்டு லீவு போட்டுருச்சாட்ட இருக்குது" என்றார்.

குமாரவேல் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "பரவாயில்லீங்க்கா. டீ ஆறிப்போகும், போயிக் குடிங்க" என்றான்.

மருதாள் பட்டையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். தடவினாள். வெண்ணெய் போல் வழுக்கியது.

"மாஸ்டர், இதை என்ன பண்ணுனீங்க?"

"என்னத்த பண்ணுவாக? வாஷுக்கு விட்டு, கடைசித் தண்ணியில சாஃப்ட்னர் குடுத்து, டிரையர்ல போட்டு எடுத்தேன்."

"சாஃப்ட்னரா?"

"பின்னே? மொதலாளி கையில வாங்குற பீஸு. மொரமொரன்னு அப்பளம் மாதிரி குடுக்கச் சொல்றீகளா? கை வச்சுப் பாருங்க, பூனைக்குட்டி மாதிரி இருக்கு."

அங்கே நின்ற நூறு பேரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. இந்த ஊரில் துணி எதுவானாலும் கடைசியில் சாஃப்ட்னர் குளியல் உண்டு. யார் கையில் துணியைக் கொடுத்தாலும் கண்ணால் பார்ப்பதற்கு முன் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். ராஜபாண்டி செய்யாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

மருதாளின் கையும் இந்த ஊர்க் கைதான். யோசித்துக்கொண்டே, தன்னை அறியாமல், பட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். மீட்டரில் 1 மறைந்து ஏதோ எண் மின்னியது. விரலை எடுத்தாள், 1. அழுத்தினாள், எண்.

"சாகலீங்க" என்றாள் மெதுவாக. "தூளுக்கும் தூளுக்கும் நடுவுல வழுக்கல் பூந்திருக்குது. டிரையர்ல உருண்டதுல விரிசலும் விட்டிருக்குது. எட்டி எட்டி உக்காந்திருக்குது. நெருக்கிவிட்டாத் தாண்டும்."

பட்டையை மேசையில் விரித்து, மேலே நான்கு மடிப்புப் பனியன் துணி போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். 640 ஓம். "அண்ணா, நீங்க அழுத்துங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். அழுத்தினேன். 520. ராஜபாண்டி தன் பாவத்தைக் கழிக்க முழங்கையால் அழுத்தினார். 410. அப்போது ஆத்தப்பன் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேசைமேல் ஏறி, பட்டையின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். 190.

"மொதலாளிதாங்க நல்ல கண்டக்டர்" என்றாள் நாகஜோதி.

அதன் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒல்லியான டெய்லர் 480. கட்டிங் மாஸ்டர் 230. ராமாயி வரமாட்டேன் என்று ஓட, இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். 260 என்று மீட்டர் சொன்னதும், "பொய் சொல்லுது, நான் இன்னிக்கு டிபனே சாப்பிடலீங்க" என்று இறங்கி ஓடினாள். மாடிப்படி முழுக்கச் சிரித்து உருண்டது. பீகார்ப் பையன்கள் எண்ணை இந்தியில் கத்திச் சொல்ல, அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல ஒரு கூட்டம்.

"இது எடை மெஷினுங்க்கா" என்றான் குமாரவேல். சத்தம் அடங்கியது. "அழுத்துனா எறங்குது, ஒத்துக்கறேன். சூட்டுக்கு எறங்குதுன்னு எங்க காட்டுனீங்க?"

அவன் சொன்னது நியாயம். மருதாள் தலையாட்டினாள். அயர்னிங் மேசையிலிருந்து கனமான இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கேட்டாள். அது ஆறிக் கிடந்தது. பனியன் மடிப்பின்மேல் அதை வைத்து, மேலே இரண்டு நூல் கோன் பெட்டியை ஏற்றிக் கயிற்றால் கட்டினாள். எண் ஆடி ஆடி 318-இல் நின்றது.

"சூடான பெட்டியைக் கொண்டாந்து வைக்கலாமே" என்றார் ஆத்தப்பன்.

"வேண்டாமுங்க. தூக்கி வச்சா அழுத்தம் மாறும். அப்புறம் எதனால எறங்குச்சுன்னு சார் கேப்பாரு, எனக்குப் பதில் தெரியாது. இதையே இங்கயே சுவிட்ச் போடுவோம். பெட்டி நகரக்கூடாது, யாரும் மேசையைத் தொடக்கூடாது."

பிறகு அவள் தன் பையிலிருந்து தபால் அட்டை அளவுக்கு ஒரு அட்டையை எடுத்தாள். தலைமுடி போன்ற செம்புக் கம்பி, பதினைந்து மீட்டர், அடுக்கடுக்காகச் சுற்றியது. சுற்றும்போது எண்ணியிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. அதைப் பெட்டியின் அடியில் துணி மடிப்புக்குள் சொருகினாள். எண் மறுபடி ஆடி 311-இல் நின்றது; அதைத்தான் கணக்குக்கு எடுத்தாள். செம்பு அட்டையைக் குமாரவேலின் மீட்டரில் மாட்டச் சொன்னாள். 31.2.

"ரெண்டும் ஒரே பெட்டிக்கு அடியில. ஒரே சூடு. நீங்க சொல்றது நெசம்னா ரெண்டும் ஏறோணும். ஈரம் எல்லாம் நேத்து டிரையர்லயே போயிருச்சுங்க."

சுவிட்ச் போட்டாள்.

அரை நிமிடம் ஒன்றுமில்லை. துணி வழியாகச் சூடு இறங்க நேரமாகும். குமாரவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். மருதாளின் உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"31.3" என்றான் குமாரவேல்.

"309" என்றாள் மருதாள்.

"31.6."

"302."

"கருப்பு எறங்குதுடோய்" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். பொங்கல் கழிந்து நடக்கும் ரேக்ளாப் பந்தயத்தில் சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம் எப்படிக் கத்துமோ அப்படிக் கத்தினார்கள். ஒரு பக்கம் செம்புக் கட்சி, ஒரு பக்கம் கரிக் கட்சி. யார் எந்தக் கட்சி என்பது அவரவர் நின்ற பக்கத்தைப் பொறுத்தது. செம்பு 32.5. கரி 281. செம்பு 33.4. கரி 258. ராஜபாண்டி, "என் மைடா அது, என் மை" என்று தலைக்குமேல் இரண்டு கையையும் தட்டினார். சாஃப்ட்னர் போட்டதைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

234-இல் மருதாள் சுவிட்சை அணைத்தாள். ஐயோ என்றது கூட்டம்.

"ஆறும்போது திரும்பி ஏறுதான்னும் பாக்கோணும். ஏறலீன்னா மை கருகிப்போச்சுன்னு அர்த்தம், சூட்டுக்கு எறங்குச்சுன்னு சொல்ல முடியாது."

குமாரவேல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அடுத்து அவன் கேட்க வாயெடுத்த கேள்வி அதுதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

ஆறுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. டீ நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் மணி அடிக்கவில்லை. செம்பு ஒவ்வொரு புள்ளியாக இறங்கியது. கரி ஏறியது. 250. 271. 290. பழைய இடத்துக்கு முழுதாகப் போகவில்லை, 304-இல் நின்றது. "ஏழு கொறையுது. அது அழுத்தத்துல படிஞ்சதா இருக்கும், சரியாத் தெரியலீங்க" என்று அவளே சொல்லி, தாளில் அந்த ஏழுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். "இந்தப் பசையில இப்படிங்க. வேற பசையில எப்படியோ, அதை அளந்தாத்தான் தெரியும்."

"அப்ப கட் ஆஃப் சுவிட்ச் வேணுமா?" என்று கேட்டார் ஆத்தப்பன்.

"கட்டாயம் வேணுமுங்க" என்றது குமாரவேல். மருதாள் இல்லை.

பிறகு அந்தச் சாம்பிள், சாஃப்ட்னர் இல்லாமல், கட் ஆஃப் சுவிட்சோடு போனது. ஏஜென்ட் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, முரடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். ஆர்டர் வரவில்லை. அது வேறு கதை. அன்றைக்கு அந்த ஹாலில் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ஏனென்றால் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்குள் அயர்னிங் பகுதிக்குப் போய்விட்டிருந்தார்கள். ராஜபாண்டி அடித்து ஒதுக்கிய கருப்புத் துண்டுகள் ஒரு கூடை கிடந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு பெட்டி, எனக்கு எவ்வளவு இறங்குது பார், உனக்கு எவ்வளவு இறங்குது பார். மீட்டரே இல்லை என்பதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரே சுவிட்ச் பலகையில் ஆறு பெட்டியையும் சொருகி, ஆறு சுவிட்சையும் ஒன்றாகப் போட்டார்கள்.

டப் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. விளக்கு நின்றது. கீழே என் மெஷின்கள் பெருமூச்சு விட்டு வேகம் குறைந்து நின்றன. கட்டடம் முழுக்க அப்படி ஒரு அமைதி வந்தது, பல்லடம் சாலையில் போகும் லாரியின் ஹாரன் துல்லியமாகக் கேட்டது.

"சாயங்காலம் லோடு ஏத்தோணும்" என்றார் ஆத்தப்பன்.

பழக்கத்தில் குமாரவேலின் கை இடுப்பு வளையத்துக்குப் போனது. பேனல் ரூம் பக்கம் இரண்டு அடி நடந்தான். நின்றான். வளையத்திலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தான். அது வருடக்கணக்கில் கழற்றாத சாவி, வரவில்லை. நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான். கடைசியில் வளையத்தோடு நீட்டினான்.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குங்க்கா" என்றான்.

மருதாள் வாங்கிக்கொண்டாள். மீட்டரை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தாள், நான்காவது அடியில் நடை ஓட்டமாகிவிட்டது. பேனல் ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து அவள் குரல், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி:

"எந்தப் புண்ணியவானுங்க ஆறு பெட்டியையும் ஒரே பேஸ் லைன்ல சொருகுனது? நாலைக் கழட்டுங்க சாமி, கழட்டுனாத்தான் போடுவேன்."

அயர்னிங் பகுதியில் நான்கு பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கப்பட்டன. "கழட்டியாச்சுங்க்கா" என்று பத்துப் பேர் ஒட்டுக்காகக் கத்தினார்கள். ஃபேன்கள் மெல்லச் சுற்ற ஆரம்பித்தன.